எதுவும் வாங்காமல் எழுந்து வந்தால் ஏன் உறுத்துகிறது?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடை. கடைக்காரர் அடுக்கடுக்காகப் பிரித்துப் போடுகிறார். நடுவில் குடிக்க ஒரு கலர் வேறு. ஒன்றும் பிடிக்கவில்லை. "இன்னாக்கா, புடிக்கலயா?" "அப்புறம் வரோம்ண்ணே." செருப்பைத் தேடும் அந்த அரை நிமிடத்தில் முதுகு கூசுகிறது. சிலர் போன பாவத்துக்கு நாலு கர்ச்சீப்பாவது வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

துணியைப் பிரித்துக் காட்டுவது அவர் தொழில். பார்ப்பவர் எல்லோரும் வாங்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான். நாம் எந்தத் தப்பும் செய்யவில்லை. பிறகு என்ன உறுத்தல்?

பாதிக் காரணம் அந்தக் கலர். உளவியலாளர் டென்னிஸ் ரீகன் 1971இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. சோதனைக்கு வந்தவரோடு கூட இருந்த ஒருவர், கேட்காமலே ஒரு கோக் வாங்கி வந்து தருவார். அவர் உண்மையில் ஆய்வாளரின் ஆள். கொஞ்ச நேரம் கழித்துக் குலுக்கல் சீட்டு வாங்கச் சொல்வார். கோக் வாங்கிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். அந்த ஆளைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுகூடப் பெரிதாகக் குறுக்கே வரவில்லை. 'வாங்கினால் திருப்பித் தரணும்' என்ற மனக்கணக்கு, நாமாகக் கேட்டு வாங்கினோமா என்று பார்ப்பதே இல்லை. வியாபாரிகளுக்கு இது ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம்.

சரி, யாரும் எதுவும் தராத இடத்திலும் உறுத்துகிறதே? தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறி 500 ரூபாய் நோட்டை நீட்டும்போது கூனிக் குறுகுகிறோம். கூட்டத்தில் நம் காலை மிதித்தவரிடம் நாமே சாரி கேட்கிறோம். குற்ற உணர்வின் வேலை உறவைக் காப்பது என்று ராய் பௌமைஸ்டரும் சகாக்களும் 1994இல் வாதிட்டார்கள். அப்படியானால் தப்பு நடந்ததா என்பதைவிட, எதிரில் இருப்பவர் முகம் சுருங்கியதா என்பதே அதற்கு முக்கியம். ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற மனநல மருத்துவர் இப்படிப்பட்ட உணர்வுகளைப் புகை கண்டு அலறும் கருவியோடு ஒப்பிடுகிறார். தோசை கருகும்போதெல்லாம் அது அலறினால் எரிச்சல்தான். ஆனால் வீடு எரியும்போது சும்மா இருந்தால் உயிரே போகும். சிறு கூட்டமாக வாழ்ந்த மனிதனுக்குக் கூட்டம் கைவிடுவது அப்படிப்பட்ட ஆபத்து. அதனால் வீண் அலறல் மலிவு.

கூச்சத்துக்கு இன்னொரு பிழையும் துணை. தாமஸ் கிலோவிச் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்தாலே சங்கடப்படும் டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டு, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று டி-ஷர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான். நமக்கு நம் நினைப்பே பெரிதாக இருப்பதால், அடுத்தவருக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் ஓரளவு எல்லோருக்கும் உள்ளது. கடைக்கோ வேலைக்கோ போவதையே தவிர்க்கும் அளவுக்கு முற்றினால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இதற்கான சிகிச்சையில் வேடிக்கையான பயிற்சி ஒன்று உண்டு: வேண்டுமென்றே அசடு வழிவது. உதாரணமாக, வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலிலேயே நின்றுகொண்டு, "மெட்ரோ ஸ்டேஷன் எங்கங்க இருக்கு?" என்று போகிறவர்களைக் கேட்க வேண்டும். என்ன ஆகும் என்று பயந்தீர்கள் என்பதை முன்னாலேயே எழுதி வைத்து, ஆனதோடு ஒப்பிட வேண்டும்.