புளூட்டோ அட்டையை எங்கே வைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலை டியூஷன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கோள் என்றால் என்ன என்று கேட்டால், எட்டுப் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதனால் இந்த முறை பெயரே இல்லாத அட்டைகளைக் கொடுத்தேன். விட்டம், வடிவம், எதைச் சுற்றுகிறது, அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான். பெயர் பின்பக்கம். எது கோள், எது இல்லை என்று நீங்களே பிரியுங்கள் என்றேன்.

எடுத்த எடுப்பில் அளவை வைத்து அடுக்கினார்கள். 5,268 கி.மீ. மேலே, 4,879 கி.மீ. கீழே. திருப்பிப் பார்த்தால் மேலே இருப்பது வியாழனின் நிலவான கானிமீட், கீழே கிடப்பது புதன்! கொஞ்ச நேரம் சத்தம். பிறகு நிலவுகளைக் கழித்தார்கள்: கோள் என்றால் சூரியனைத்தான் சுற்ற வேண்டும். முதல் நிபந்தனை, நான் சொல்லாமலே வந்துவிட்டது.

அடுத்து வடிவம். ஈராஸ் என்ற சிறுகோள் 34 கி.மீ. நீளத்தில் வேர்க்கடலை மாதிரி இருக்கும். சின்னப் பாறையில் ஈர்ப்பைவிடக் கல்லின் உறுதி பெரிது, அதனால் எந்தக் கோணலும் அப்படியே நிற்கும். பல நூறு கி.மீ. அளவுக்கு வளர்ந்துவிட்டால் கதை மாறும். எல்லாப் பக்கமும் மையத்தை நோக்கி இழுபட, கல்லே மெல்ல இளகிக்கொடுத்து உருண்டையாகிவிடும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; எவரெஸ்ட்டே அதில் 8.8 கி.மீ. மேடுதான்.

இரண்டிலும் தேறிய ஓர் அட்டை எல்லாரையும் குழப்பியது. 940 கி.மீ., உருண்டை, சூரியனைச் சுற்றுகிறது. அது சீரிஸ். 1801இல் பியாற்சி கண்டுபிடித்தபோது அதைக் கோள் என்றுதான் எழுதினார்கள். 1807க்குள் அதே வட்டாரத்தில் இன்னும் மூன்று. 1845க்குப் பிறகு வரிசையாக வர ஆரம்பிக்கவே, சீரிஸை அந்தச் சிறுகோள் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். புளூட்டோவுக்கும் இதேதான் நடந்தது. 1930இல் டோம்பா கண்டுபிடித்தார். 1992 முதல் அந்தப் பக்கம் மற்றவை தென்பட்டன. 2005இல் ஏரிஸ் பற்றிய அறிவிப்பு வந்தது, புளூட்டோவைவிட நிறை அதிகம். ஏரிஸைச் சேர்ப்பதா, புளூட்டோவை நீக்குவதா? 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் அனைத்துலக வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து மூன்றாவது நிபந்தனையைச் சேர்த்தது: கோள் தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும்.

“மரத்தடியில மருந்தடிக்கிற மாதிரியா, ஐயா?” என்றான் ஒரு பையன். அவன் அப்பாவுக்குத் தோட்டத்தில் அதுதான் வேலை. செம்பனை மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல்லை அழித்து வைத்தால்தான் கீழே விழுந்த உதிரிப் பழம் கண்ணுக்குத் தெரியும். நல்ல உவமை, ஒரே ஒரு குறை. மரத்துக்கு ஆள் வேண்டும். கோள் தன் ஈர்ப்பாலேயே செய்துகொள்கிறது. வழியில் கிடப்பதை விழுங்கும், தூர எறியும், அல்லது தன் பிடியில் வைத்துக்கொள்ளும். ஆனால் எவ்வளவு துப்புரவு என்று தீர்மானத்தில் எண் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், சரியான யோசனையை அரைகுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டீவன் சோட்டர் என்ற வானியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்: பூமியின் நிறை, அதன் பாதையில் மிச்சமிருப்பவை எல்லாம் சேர்ந்த நிறையைப் போல 17 லட்சம் மடங்கு. புளூட்டோவுக்கு அது வெறும் 0.07.

பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி விடவில்லை. “புளூட்டோ நெப்டியூன் பாதைக்குள்ள வருதே, அப்ப நெப்டியூனும் சுத்தம் பண்ணலதானே?”

1979 முதல் 1999 வரை உள்ளேதான் இருந்தது. ஆனால் நெப்டியூன் மூன்று சுற்று முடிப்பதற்குள் புளூட்டோ இரண்டு முடிக்கும். அந்தக் கணக்கு பிசகுவதில்லை, இரண்டும் நெருங்கவே முடியாது. நெப்டியூனின் நிறை புளூட்டோவைப் போல ஏறக்குறைய 8,000 மடங்கு, பிடி அதன் கையில்.

“அப்ப அங்க நெப்டியூன்தான் மண்டோர்” (தோட்டத்து மேற்பார்வையாளர்) என்று சொல்லிவிட்டு, புளூட்டோ அட்டையை எடுத்துச் சீரிஸ் பக்கத்தில் வைத்தாள்.