99 ஆண்டு வீடு: சிங்கப்பூர்க் குத்தகையில் யாருக்கு லாபம், யாருக்குத் தேய்மானம்?

சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள். ஆனால் அவர்கள் வாங்கியிருப்பது 99 ஆண்டுக் குத்தகைதான். காலம் முடிந்தால் வீடு இழப்பீடில்லாமல் கழகத்திடம் திரும்பிவிடும். பெற்றோர் தலைமுறை செல்வம் சேர்த்ததற்கும், அது பிள்ளைகளுக்கு முழுசாகப் போய்ச் சேராததற்கும் இந்த ஏற்பாடே காரணம்.

முதலில் லாபக் கதை. வீவக 1960இல் தொடங்கியது. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. 1966இன் நில எடுப்புச் சட்டத்தால் அரசுக்கு மலிவாக நிலம் கிடைத்தது. 1968 முதல், சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிப் பணத்தில் வீட்டுக் கடனை அடைக்கலாம் என்றானது. சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்த பணத்திலேயே தவணை கழிந்ததால் கைக்காசு கரையவில்லை. அந்தக் காலத்தில் வாங்கியவர்களுக்குக் குறைந்த விலை, நீண்ட குத்தகை, வேகமாக ஏறிய ஊதியம் மூன்றும் ஒன்றாக அமைந்தன.

தேய்மானம் உடனே தெரியாது. குத்தகை நிலத்தை மதிப்பிட அரசு பயன்படுத்தும் பட்டியலுக்குப் 'பாலா அட்டவணை' என்று பெயர். முழு உரிமை நிலத்தின் மதிப்பு 100 என்றால், 99 ஆண்டு மீதமுள்ள குத்தகைக்கு அது தரும் மதிப்பு 96. 60 ஆண்டு மீதமிருந்தால் 80, 30 ஆண்டு மீதமிருந்தால் 60. அதாவது முதல் 39 ஆண்டுகளில் 16 புள்ளிதான் குறைகிறது, கடைசி 30 ஆண்டுகளில் மிச்சமுள்ள 60ம் போய்விடுகிறது. வெகு காலம் கழித்துக் கிடைக்கும் பயனுக்கு இன்றைய மதிப்பு குறைவு என்ற வட்டிக் கணக்குதான் இதற்கு அடிப்படை. வீட்டு விலைகள் பொதுவாக ஏறிக்கொண்டே இருந்தவரை, அந்த ஏற்றம் இந்தச் சரிவை மறைத்தது.

2017இல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாக எச்சரித்தார். பழைய புளோக்குகளை அரசு எடுத்துக்கொண்டு புதுக் குத்தகையுடன் வேறு வீடு தரும் 'செர்ஸ்' திட்டத்துக்குத் தேர்வானவை 4 விழுக்காடு வீடுகள் மட்டுமே, எல்லாருக்கும் அது கிடைக்கும் என்று நம்பிப் பழைய வீட்டை அதிக விலைக்கு வாங்காதீர்கள் என்றார்.

அடுத்தது 2019 மே மாத விதி. வாங்குவோரில் வயதில் இளையவர் 95 வயதை எட்டும்வரை குத்தகை நீடித்தால்தான் சேமநிதியை முழு வரம்புவரை பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் விகிதப்படி வெட்டு. 50 ஆண்டு மீதமுள்ள வீட்டை 45 வயதுக்காரர் வாங்கினால் 45ம் 50ம் சேர்ந்து 95, தடையில்லை. அதே வீட்டை 30 வயதுத் தம்பதி வாங்கினால் கூட்டுத்தொகை 80தான், சேமநிதி வரம்பு குறையும், ரொக்கம் கூடுதலாகப் புரட்ட வேண்டும். ஆக, பழைய வீட்டை விற்க நினைக்கும் முதியவருக்கு இளம் வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள்.

விற்கும்போது இன்னொரு கழிவும் உண்டு. வீட்டுக்காக எடுத்த சேமநிதியை, எடுக்காமல் விட்டிருந்தால் சேர்ந்திருக்கும் 2.5 விழுக்காடு வட்டியுடன் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 20 ஆண்டில் ஏறத்தாழ 327,700 ஆகிவிடும். அது அவரவர் பணமேதான், ஆனால் கையில் வராது. விலை ஏறாத வீடென்றால், கடன் போக விற்ற தொகை அத்தனையும் கணக்குக்கே போய், கைக்கு எதுவும் மிஞ்சாமலும் போகலாம்.

ஒரே தலைமுறைக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. 2004இல் டன்ஜோங் பகாரின் 50 மாடி பினக்கிள் வளாகத்தில் 450,000 வெள்ளிக்கும் குறைவான மானிய விலையில் ஐந்தறை வீடு வாங்கியவர்கள், பின்னாளில் மில்லியன் வெள்ளிக்கு மேல் விற்றார்கள். அதே மானிய முறையில் புறநகரில் வாங்கியவருக்கு அந்த யோகம் இல்லை. வீடு ஒதுக்கும் குலுக்கலில் சீட்டு எங்கே விழுந்தது என்பதுதான் வித்தியாசம். இதைச் சரிக்கட்ட, 2021 நவம்பரில் ரோச்சோரில் முதன்முதலாக, நகர மையத்து வீட்டை 10 ஆண்டு கழித்தே விற்கலாம், மறுவிற்பனை விலையில் 6 விழுக்காட்டை வீவகவிடம் திருப்பித் தர வேண்டும் என்று வைத்தார்கள். தாமதமாக வந்தாலும் சரியான திருத்தம்தான்.

இனமும் விலையில் நுழைகிறது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஓரிடத்தில் ஒரே இனம் குவியாமல் தடுப்பது நோக்கம். ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீனர்கள். மீதிக் கால் பங்குக்குள் ஆள் தேட வேண்டும், இல்லையேல் விலையைக் குறைக்க வேண்டும். பொது நன்மைக்கான செலவு சிறுபான்மை உரிமையாளர் தலையில் விழுகிறது. தகுந்த நேர்வுகளில் வீவகவே அந்த வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி 2022இல்தான் வந்தது.

வாரிசுரிமையில் இடைவெளி இன்னும் விரிகிறது. ஏற்கெனவே வீவக வீடு உள்ள பிள்ளை, பெற்றோரின் வீவக வீட்டைப் பெற்றால் ஆறு மாதத்துக்குள் ஒன்றை விட்டாக வேண்டும். முழு உரிமைத் தனியார் வீட்டுக்குக் குத்தகைக் கெடுவும் இல்லை, 2008இலிருந்து மரணச் சொத்து வரியும் இல்லை.

மூத்தோருக்கு ஒரு வடிகால்: 2009இல் தொடங்கிய குத்தகை மறுவாங்கல் திட்டம். 65 வயதை எட்டியவர் குத்தகையின் கடைசிப் பகுதியை வீவகவுக்கு விற்று, அதே வீட்டில் இருந்துகொண்டே மாத வருமானம் பெறலாம். பிள்ளைகளுக்குப் போகக்கூடிய பங்கு அந்த அளவுக்குச் சுருங்கும்.

குத்தகை முடிவுக்கு அரசு 2018இல் அறிவித்த வழி 'வெர்ஸ்'. 70 ஆண்டைத் தாண்டிய புளோக்குகளில் குடியிருப்பாளர்கள் வாக்களித்துச் சம்மதித்தால் அரசு வாங்கிக்கொள்ளும். செர்ஸ் அளவுக்குத் தாராளம் இருக்காது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். தொகையைக் கூட்டினால் அன்றைக்கு வரி கட்டும் இளையோர் சுமக்க வேண்டும். குறைத்தால் வீட்டையே ஓய்வூதியமாக நம்பியவர்களுக்கு இடி.