‘கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமா மேடம்?’

மனநல மருத்துவராக நான் தொழில் தொடங்கிய காலத்தில், பிள்ளைக்குத் தன்பாலீர்ப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எந்தப் பெற்றோரும் வந்ததில்லை. தூக்கம் வரவில்லை, படிப்பில் கவனம் இல்லை, எந்த வரன் வந்தாலும் வேண்டாம் என்கிறான் என்றுதான் வருவார்கள். பிள்ளையிடம் தனியாகப் பேசும்போது விஷயம் வெளியே வரும். “அப்பா அம்மாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க” என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் உதவியாக இருக்கும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அப்பாவோ அம்மாவோ நேரடியாகவே சொல்கிறார்கள்: “பையனுக்குப் பையனைத்தான் பிடிக்குமாம்.” சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், கண் கலங்கும். ஆனாலும் சொல்கிறார்கள். பிள்ளையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறது. இந்த மாற்றத்தை நான் சிறியதாக நினைக்கவில்லை. மாறாமல் இருப்பது அடுத்து வரும் வாக்கியம்தான். “எப்படியாவது சரி பண்ணிடுங்க மேடம். அடுத்த தையில் கல்யாணம் முடிச்சிடலாம்னு இருக்கோம்.”

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது. இதில் வரும் மனிதர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் மருத்துவத்தின் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தன்பாலீர்ப்பு நோய் அல்ல. சிகிச்சை கொடுத்து மாற்ற வேண்டியதும் அல்ல, மாற்றக்கூடியதும் அல்ல. இப்படிச் சொன்னவுடன் பெற்றோர் முகத்தில் நம்பிக்கையின்மை தெரியும். “ஹார்மோன் டெஸ்ட் ஏதாவது எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், ரிப்போர்ட் கையோடு இருக்கும், எல்லாம் இயல்பாக இருக்கும். தன்பாலீர்ப்புள்ள ஆணுக்கு ஆண்மைக் குறைவு என்றோ, பெண்ணுக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்றோ நினைப்பது தவறு. அந்தப் பரிசோதனைக்குச் செலவழித்த பணம் வீண்தான்.

எங்கள் துறையே இந்த இடத்துக்கு எளிதாக வந்து சேரவில்லை. ஒரு காலத்தில் இதை மனநோய்ப் பட்டியலில் வைத்திருந்தது நாங்கள்தான். மின் அதிர்ச்சி கொடுத்தும், வாந்தி வரவைக்கும் மருந்து கொடுத்தும் ‘மாற்ற’ முயன்றதும் மருத்துவர்கள்தான். அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் 1957இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், அப்படி அல்லாத ஆண்கள் 30 பேர். எல்லோருக்கும் ஒரே உளவியல் சோதனைகளைச் செய்து, யாருடையது எது என்று சொல்லாமல் முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுவரை மருத்துவர்கள் பார்த்ததெல்லாம் சிறையிலும் மருத்துவமனையிலும் இருந்தவர்களைத்தான். மனம் உடைந்து வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அப்புறமும் பட்டியல் மாற 16 வருடம் ஆனது. இடையில் 1972இல் டல்லஸ் நகரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மாநாடு நடந்தது. அதில் ஜான் ஃப்ரையர் என்ற மனநல மருத்துவர் முகமூடி அணிந்து, குரலை மாற்றிக் காட்டும் மைக்கில் பேசினார். தானும் தன்பாலீர்ப்பாளர்தான், தானும் மனநல மருத்துவர்தான் என்றார். சொந்தப் பெயரில் பேசினால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. ‘நோயாளிகள்’ என்று தாங்கள் எழுதி வைத்தவர்களில் ஒருவர் சக மருத்துவராகத் தங்கள் நடுவிலேயே இருக்கிறார் என்பதை அந்த அரங்கம் அன்று நேருக்கு நேர் கேட்டது. 1973 டிசம்பரில் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. நம் நாட்டு மருத்துவர்கள் பலர் இன்னும் பழைய பாடத்தையே மனத்தில் வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது மன்னிக்கக்கூடியது என்று நான் நினைக்கவில்லை.

பெற்றோரின் அடுத்த கேள்வி, நாங்கள் வளர்த்ததில் என்ன தப்பு என்பது. அப்பா வெளிநாட்டில் இருந்ததாலா, ஹாஸ்டலில் விட்டதாலா, செல்போன் வாங்கிக் கொடுத்ததாலா? இரவெல்லாம் தூங்காமல் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி ஓய்ந்துபோய் வருவார்கள். தன்பாலீர்ப்புக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு 4,70,000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலைப் பார்த்தது. தன்பாலீர்ப்புக்கென்று தனியாக ஒரு மரபணு இல்லை, பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களிக்கின்றன, அவற்றை வைத்து ஒருவரைக் கணிக்க முடியாது என்று அது சொன்னது. வளர்ப்பால் இது வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இதைக் கேட்டதும் அம்மாக்கள் அழுவார்கள். நான் எதுவும் பேசாமல் அழவிடுவேன். குற்ற உணர்ச்சி இறங்கினால்தான் பிள்ளை பேசுவது காதில் விழும்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் ஊரில் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘மாற்றுச் சிகிச்சை’ என்பது பெரும்பாலும் மருத்துவமனையில் நடப்பதில்லை, கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. மந்திரித்துப் பார்ப்பார்கள், பரிகாரம் செய்வார்கள், ஜோசியர் ஒரு காலம் குறித்துக் கொடுப்பார். எல்லாம் முடிந்தபின் பொண்ணு பார்க்கப் போவார்கள். “ஒரு பொண்ணோட பழகினா மாறிடுவான்” என்பார் பெரியப்பா. பையனும் அப்பாவின் இதய வலியைப் பார்த்து, தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்ற பேச்சைக் கேட்டுச் சம்மதிப்பான். அவனுக்கே ஓர் ஆசை இருக்கும், மாறிவிடமாட்டோமா என்று.

அந்தப் பெண்ணை யாரும் நினைப்பதில்லை. கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் கழித்து என்னிடம் வருபவள் அவள்தான். கணவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, சம்பளத்தை அப்படியே கொடுக்கிறார், ஆனால் தொடுவதில்லை. நான் கறுப்பாக இருப்பதாலா, குண்டாகிவிட்டேனா என்று அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருப்பாள். மாமியார் மாதா மாதம் விசேஷம் உண்டா என்று கேட்பார். கருத்தரிப்பு மையத்துக்குக் கூட்டிப்போவார்கள், ஊசி போடுவார்கள். கோளாறு தன்னிடம்தான் என்று அவள் முழுதாக நம்பியிருப்பாள். நான் சந்தித்த மனச்சோர்வுகளில் இந்த மனைவிகளின் மனச்சோர்வு ஆழமானது, ஏனென்றால் எதற்காக வருந்துகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இதே கதை தலைகீழாகவும் நடக்கிறது. பெண்ணை விரும்பும் பெண்ணைக் கட்டாயப்படுத்தி ஓர் ஆணுக்குக் கட்டிவைத்தால், அவளுக்கு ஒவ்வோர் இரவும் வன்முறையாகிவிடுகிறது. பெற்றோரிடம் நான் இதைக் கண்டிப்பாகவே சொல்வேன்: உங்கள் பிள்ளைக்காக இல்லாவிட்டாலும், வேறு ஒருவர் வீட்டுப் பிள்ளைக்காக இந்தக் கல்யாணத்தை நிறுத்துங்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மை முந்திக்கொண்டு போயிருக்கிறது, தடுமாறித் தடுமாறித்தான். 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் வயதுவந்தோரின் விருப்பத்துடனான தன்பால் உறவு குற்றமல்ல என்றது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு இத்தகைய உறவுக்குப் பொருந்தாது என்றார்கள். 2023 அக்டோபரில் தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட வழக்கில் மறுப்பு வந்தது. அந்த வாரத்தில் என்னிடம் வந்த இளைஞர்களின் சோர்வு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் பெற்றோருக்கு நான் சொல்வது டெல்லிக் கதையை அல்ல, சென்னைக் கதையை. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். இரண்டு வீட்டிலும் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்பு வந்தது. அவர் பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பினார். மகள்கள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடக் கடைசிவரை தனியாகவே இருந்துவிட்டால் கௌரவம் என்று பெற்றோர் நினைத்தது அந்த உளவியலாளர் தந்த அறிக்கையில் தெரிந்தது. அந்தப் பெற்றோர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இதே வார்த்தைகளை என் அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

அடுத்து அந்த நீதிபதி செய்ததுதான் அபூர்வம். இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை, முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தானும் ஓர் உளவியலாளரிடம் போய் அமர்ந்தார். பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) சமூகத்தைச் சேர்ந்தவர்களிடம் பேசினார். 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார். சேர்ந்து வாழும் வயதுவந்தவர்களைப் பற்றிக் காணவில்லை என்று புகார் வந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்று போலீசுக்குச் சொன்னார். பாலீர்ப்பை ‘மருத்துவ முறையில் மாற்ற’ முயல்வதைத் தடை செய்தார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. அதே வருடம் ஆகஸ்டில், மாற்றுச் சிகிச்சை அளிப்பது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது.

நீதிபதியே உட்கார்ந்து கேட்டார் என்றால், நாமும் கேட்கலாம் என்று தோன்றும் அப்பாக்கள் இருக்கிறார்கள். நான் எத்தனை ஆய்வைச் சொன்னாலும் அசையாதவர்கள், இதைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தைப் பற்றி நமக்குக் கடுமையான கருத்து இருக்கலாம். அவர்களில் ஒருவரோடு முகம் பார்த்துப் பேசியபின் அதே கருத்தை அதே கடுமையோடு வைத்திருப்பது கஷ்டம். டல்லஸ் அரங்கத்திலும் சென்னை நீதிமன்றத்திலும் நடந்தது அதுதான். வீட்டில் நடப்பதும் அதுதான், வீட்டில் மட்டும் கூடுதல் வலியோடு நடக்கிறது.

2025 மே மாதம் அதே உயர்நீதிமன்றத்தில் இன்னொரு ஆட்கொணர்வு வழக்கு. 25 வயதுப் பெண்ணைக் குடும்பம் பிடித்து வைத்திருந்தது, அடித்தது, ‘இயல்பாக’ மாற்றுவதற்குச் சடங்குகள் செய்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவரை விடுவித்து, குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல என்றார்கள். அந்தப் பெண்ணின் தாய் லீலா சேத் அல்ல என்றும் குறிப்பிட்டார்கள். இந்தியாவில் ஓர் உயர்நீதிமன்றத்துக்கு முதல் பெண் தலைமை நீதிபதியாக இருந்தவர் லீலா சேத். தன் மகனின் பாலீர்ப்பை ஏற்று, 2013 தீர்ப்பை எதிர்த்து எழுதியவர். எல்லாத் தாய்மாரும் முதல் நாளே அப்படி ஆகிவிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது அதைவிட மிகச் சிறிய ஒன்றை.

பிள்ளை சொன்ன அன்று பதில் தெரியாவிட்டால், “எனக்குப் புரியல, ஆனா நீ எங்க பிள்ளைதான்” என்று சொல்லுங்கள். அது போதும். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போன இரவுகளில்தான் தற்கொலை முயற்சிகள் நடக்கின்றன. போனைப் பிடுங்காதீர்கள், காலேஜை நிறுத்தாதீர்கள். மாமா சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். பிள்ளை உங்களை நம்பிச் சொன்னதைப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் தாத்தா பாட்டியிடம்கூடச் சொல்ல வேண்டாம். உங்கள் துக்கம் உண்மையானது. பேரன் பேத்தி, பத்திரிகை, மண்டபம் என்று மனத்தில் கட்டி வைத்திருந்தது கலைகிறது. அதற்கு அழுங்கள், என்னைப் போன்றவர்களிடம் வந்து அழுங்கள், பிள்ளை முன்னால் வேண்டாம். பெற்றோர் பழக மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். ஒருநாள் இறங்கி வந்து மறுநாள் மறுபடி வரன் ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள். அது வழக்கமானதுதான்.

மருத்துவரிடம் வரவேண்டியது எப்போது? தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், சாகவேண்டும் என்ற பேச்சு வந்தால். பிள்ளைக்கும் வரலாம், பெற்றோருக்கும் வரலாம். அந்தப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் எங்களிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது. இரவு நேரத்தில் யாரும் கிடைக்காவிட்டால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாருக்கும் சிகிச்சையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்கிறது.

போகும் இடத்தில் மருத்துவரோ ஆலோசகரோ, “ஆறு மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன்” என்று மாத்திரையோ ஹிப்னாடிசமோ பேக்கேஜோ சொன்னால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். சீட்டையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். அவர் பதிவுபெற்ற மருத்துவராக இருந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம்.