குளிர் வந்தால் மஸ்கி எங்கே போகிறது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், இலையுதிர்காலத்தில் சில நாள்கள் தொடர்ந்து குளிர்ந்தால், கோடையில் அகப்பட்ட இடங்களில் மஸ்கி மீன் அகப்படாமல் போவது ஏன் என்று கேட்டிருக்கிறார். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இந்த நன்னீர் வேட்டை மீன்தான் அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ மீன்.

தூண்டில்காரர்கள் பலர் காற்றழுத்தத்தைக் காரணம் சொல்வார்கள். வானிலை மாறும்போது அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் கூடுவதாகக் கொள்வோம். மீன் தண்ணீருக்குள் 20 சென்டிமீட்டர் கீழே இறங்கினாலே அதே மாற்றத்தை உணர்ந்துவிடும். ஆகவே இந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. ஏரியின் வெப்பநிலையைத்தான் கவனிக்க வேண்டும்.

கோடையில் இலேசான வெந்நீர் மேலேயும் கனமான குளிர்நீர் கீழேயும் தனித்தனி அடுக்குகளாக நிற்கின்றன. காற்றால் அவற்றைக் கலக்க முடிவதில்லை; அடியில் மட்கும் பொருள்கள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பல ஏரிகளில் மீன்கள் மேலடுக்கிலேயே தங்குகின்றன. குளிர்ந்த இரவில் மேற்பரப்பு நீர் வெப்பத்தை இழந்து கனத்து, தனக்கு நிகரான அடர்த்தியுள்ள ஆழம்வரை இறங்க, அந்த இடத்துக்கு வேறு நீர் ஏறிவந்து, அதுவும் குளிர்ந்து இறங்குகிறது. இதில் நான் வியந்து ரசிக்கும் நுட்பம் ஒன்று உண்டு: 25 டிகிரி நீருக்கும் 24 டிகிரி நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு, 10 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே ஏரி குளிரக் குளிர, அடுக்குகளைப் பிரிக்கும் தடை தானாகவே தளர்ந்து, கோடையில் தோற்ற அதே காற்று ஒருநாள் மேலிருந்து அடிவரை முழு ஏரியையும் கலக்கிவிடுகிறது.

அதன்பின் எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையும் போதிய ஆக்சிஜனும் கிடைப்பதால், இரைமீன்களும் அவற்றைத் தொடரும் மஸ்கியும் எங்கும் பரவிவிடுகின்றன. மஸ்கி குளிர்இரத்த உயிரினம் என்பதால், நீர் குளிர்ந்ததும் அதன் செரிமானமும் மந்தமாகும். அடிக்கடி உண்ணத் தேவையில்லை.

இந்தத் தேக்கம் நீடிப்பதில்லை. நீர் மேலும் குளிர்ந்து உறைவதற்குச் சில வாரங்களுக்கு முன், சிஸ்கோ மீன்கள் முட்டையிடக் கரையோரக் கூழாங்கல் திட்டுகளுக்கு வரும். அவை உள்ள ஏரிகளில் பெரிய மஸ்கிகளும் பின்தொடரும். அங்கே செயற்கை இரையை மெதுவாக இழுப்பதே பொருத்தம். பிடித்த மீனை நீரில் விடுபவர்களுக்கும் இது நல்ல பருவம். 27 டிகிரியைத் தாண்டிய கோடை நீரில் போராடிக் களைத்த மஸ்கி, விடுவிக்கப்பட்ட பிறகும் இறந்துபோகக்கூடும் என்பதால், அந்நாள்களில் தூண்டில் போடாதிருப்பதே முறை.