அகச்சிவப்பு: சொல் விளக்கம்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பற்றிய எந்தச் செய்தியிலும் ‘அகச்சிவப்பு’ என்ற சொல் வந்துவிடும். அது ஒருவகைச் சிவப்பு நிறம் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கண்ணுக்கே தெரியாத ஒளி. டிவி ரிமோட்டின் முனையைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தினால் ஒன்றும் தெரியாது. அதையே செல்போன் கேமரா வழியாகப் பார்த்தால் பல போன்களில் வெளிர் ஊதாவாக மினுக்கும். அந்த மினுக்கல்தான் அகச்சிவப்பு.

இதைக் கண்டுபிடித்தவர் யுரேனஸைக் கண்டறிந்த அதே வில்லியம் ஹெர்ஷெல். 1800இல் இங்கிலாந்தில் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் வைத்தபோதுதான் வெப்பம் அதிகமாக ஏறியது. அவர் இதை வெப்பக் கதிர் என்றுதான் சொன்னார். ‘இன்ஃப்ராரெட்’ என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. ‘இன்ஃப்ரா’ லத்தீன் சொல், பொருள் ‘கீழே’. சிவப்பைவிட அதிர்வெண் குறைந்தது, அதாவது அலைநீளம் கூடியது, அவ்வளவுதான்.

தமிழில் இரண்டு வழக்குகள் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அகச்சிவப்பு, புற ஊதா என்று இணையாக வரும். இலங்கையில் செங்கீழ், கழியூதா. ‘அகம்’ என்றால் உள். ஆனால் இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியும் நிறவரிசைக்கு வெளியே அல்லவா கிடக்கிறது? வானவில்லில்கூடச் சிவப்புதான் வெளி விளிம்பு. பொருளளவில் செங்கீழே சரி என்பேன். ஆனாலும் பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிட்ட அகச்சிவப்பை இனி மாற்றச் சொல்வதில் பயனில்லை. எழுதும்போது ‘ச்’ விடாமல் எழுதினால் போதும்.

சரி, தொலைநோக்கிக்கு இது எதற்கு? முதல் காரணம், பிரபஞ்சம் விரிகிறது. பயணிக்கும் ஒளியின் அலைநீளமும் கூடவே நீள்கிறது. இதற்குப் பெயர் சிவப்புப் பெயர்ச்சி. 2024இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 29 கோடி ஆண்டுகளில் அது எப்படி இருந்ததோ அப்படித்தான் இப்போது தெரிகிறது. அங்கிருந்து புற ஊதாவாகக் கிளம்பிய ஒளி, வழியில் ஏறத்தாழ 15 மடங்கு நீண்டு, அகச்சிவப்பாக வந்து சேர்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் பார்க்கும் கருவிக்கு அந்த இடத்தில் வெறும் இருட்டுதான்.

இரண்டாவது, தூசி. விண்மீன்கள் பிறக்கும் மேகங்களில் உள்ள நுண்தூசி, குறுகிய அலைகளைச் சிதறடித்துவிடும். நீண்ட அலைகள் ஊடுருவி வந்துவிடும். 1995இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தையும் 2022இல் வெப் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் கெட்டியான தூண்கள். பின்னதில் அவற்றுக்கு உள்ளேயும் பின்னாலும் விண்மீன்கள் சிவந்து கிடக்கின்றன.

சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்பை உமிழும், தொலைநோக்கி உட்பட. அதனால்தான் வெப் தொலைநோக்கியைப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, ஐந்தடுக்குத் திரையால் வெயிலை மறைத்திருக்கிறார்கள். திரையின் ஒரு பக்கம் சுமார் 85 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் மைனஸ் 233. அப்புறம் ஒளியைத் திரட்டும் அந்த 6.5 மீட்டர் ஆடி. தங்கம் அகச்சிவப்பை நன்றாகப் பிரதிபலிக்கும் என்பதால் பூச்சு தங்கத்தில். மொத்தமே 48 கிராம் சொச்சம், நம் கணக்கில் ஆறு பவுன்!

வேற்றுலகக் காற்றையும் இந்த ஒளியில்தான் சோதிக்கிறார்கள். சுமார் 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாஸ்ப்-39பி என்ற கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது, 4.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் ஒளி கூடுதலாகக் குறைந்ததை 2022இல் வெப் பதிவு செய்தது. அது அந்தக் கோளின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதன் அடையாளம். பூமியில் இருந்துகொண்டு இதை அளக்க முடியாது. நம் காற்றிலுள்ள அதே வாயு அந்த அலைநீளத்தை விழுங்கிவிடும்.