அட்டையில செஞ்ச கிட்டார் எப்படி பாடுச்சு?

1862ல ஸ்பெயின்ல அந்தோனியோ தே டோரஸ்னு ஒரு கிட்டார் ஆசாரி, முன்பலகைய மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் மரத்துல போட்டுட்டு பின்பக்கம், சைடு எல்லாத்தையும் காகிதக்கூழ் அட்டையிலயே செஞ்சு முடிச்சாரு. விளையாட்டுக்கு இல்லங்க, சத்தம் எங்கேருந்து வருதுன்னு காட்டுறதுக்கு. அந்த கிட்டார் இன்னும் பார்சிலோனா இசை மியூசியத்துல இருக்கு.

துணி காயப்போடுற கொடிய சுண்டிப் பாருங்க, நல்லா ஆடும், ஆனா சத்தம் பெருசா கேக்காது. மெல்லிசான ஸ்ட்ரிங்கால காத்த தள்ள முடியாது, காத்து ரெண்டு பக்கமும் நழுவிப் போயிடும். அந்த ஆட்டம், பலகை மேல ஸ்ட்ரிங்க கட்டியிருக்கிற பிரிட்ஜ்ங்கிற மரத்துண்டு வழியா முன்பலகைக்கு இறங்கி, அவ்ளோ பெரிய பலக அதிரும்போதுதான் காது நிறைய சத்தம் வருது.

சிக்கல் என்னன்னா ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து கிட்டத்தட்ட 40 கிலோ இழுக்குது, பலக தடியா இருந்தா பாடாது, ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர்னு இழைச்சா உப்பிப் போயிடும். டோரஸ் பலகைக்கு அடியில விசிறி மாதிரி ஏழு சின்னக் குச்சிய ஒட்டினாரு. விசிறி அவர் கண்டுபிடிப்பு இல்ல, ஸ்பெயின்ல செவில்லே ஊர் ஆசாரிங்க முன்னாடியே போட்டதுதான், ஆனா பெரிய உடம்பு, மெல்லிசு பலக, 65 செ.மீ. ஸ்ட்ரிங் நீளம்னு எல்லாத்தையும் சேர்த்து அளவு பிடிச்சது அவருதான், இன்னிக்கும் கிளாசிக்கல் கிட்டார் பெரும்பாலும் அந்த அளவுதான்.

அப்போ ஓட்டை எதுக்கு? காலி பாட்டில் வாயில ஊதினா பூம்னு வருதுல்ல, அதே கதைதான். கிட்டார நெஞ்சோட அணைச்சு ஓட்டைக்குள்ள அடிக்குரல்ல மெதுவா சுரம் மாத்தி முனகிப் பாருங்க, 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு இடத்துல பெட்டியே கூட சேர்ந்து உறுமும். ஓட்டைய அட்டையால மூடிட்டு வாசிச்சா அந்த கனம் காணாமப் போயிடும்.

அப்பல்லாம் மெல்லிசு ஸ்ட்ரிங் மூணும் ஆட்டுக் குடல்ல திரிச்சது (நம்ம யாழ்லயும் தந்திக்கு நரம்புன்னுதானே பேரு). ரெண்டாம் உலகப் போர்ல குடல் நரம்பெல்லாம் ஆபரேஷன் தையலுக்குப் போயிடுச்சு, அதுக்கப்புறம்தான் நியூயார்க்ல ஆல்பர்ட் அகஸ்டின், ஸ்பெயின் கிட்டார் மேதை செகோவியாவோட ஆதரவுல, நைலான் ஸ்ட்ரிங் கொண்டுவந்தாரு.

ஸ்டீல் போட்டா இழுவை 70 கிலோவத் தாண்டும். இது தெரியாம மலிவா கிடைச்சுதேன்னு என் முதல் கிளாசிக்கல் கிட்டாருக்கு ஸ்டீல் மாட்டினேன், ஒருநாள் நடுராத்திரி டொப்புன்னு ஒரு சத்தம், எழுந்து லைட்டப் போட்டுப் பார்த்தா பிரிட்ஜ் மரச்சீவலோட பேத்துக்கிட்டு ஸ்ட்ரிங்ல தொங்குது.