கினி பிக்கின் குணம் எப்போது தெரியும்?

வேறு நல்ல வீடு அமையும்வரை கினி பிக் என்ற சின்னக் கொறிவிலங்குகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றால், புதுச்சேரியில் பலரும் முதலில் கேட்பது "கடிக்குமா, சாதுவா?" என்றுதான். வந்த வாரத்திலேயே அதற்குப் பதில் சொல்ல முடியாது. மடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "எவ்வளவு சமத்து!" என்பார்கள். பெரும்பாலும் அது பயம்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வளர்க்கத் தொடங்கிய விலங்கு இது. இதன் காட்டு உறவினங்கள் பருந்துக்கும் நரிக்கும் இரை. ஆபத்து வந்தால் புதருக்குள் ஓடும். இல்லையென்றால் அப்படியே உறைந்துவிடும். அசைவதைத்தான் வேட்டைக் கண் சட்டென்று பிடிக்கும். அந்தப் பழக்கம் வீட்டுக் கூண்டிலும் விட்டுப்போகவில்லை.

பயம் தெளிந்த அப்புறம்தான் ஒவ்வொன்றும் தன் சுயரூபத்தைக் காட்டும். இப்போது எங்களிடம் இருக்கும் இரண்டு பெண்களில் பழுப்பு நிறத்தாள், பெரிய மார்க்கெட்டில் வாங்கிவந்த கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் பேப்பர் சத்தம் கேட்டாலே கம்பியில் முன்னங்கால் வைத்து எழுந்து "வீக், வீக்" என்று வீட்டையே கூட்டுவாள். வெள்ளைக்காரி அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, தண்டைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொள்வாள். அவ்வளவுதான் தரிசனம். இப்படி நாள் கடந்தும், சூழல் மாறியும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் உயிரியலாளர்கள் அதைக் குணம் என்பார்கள்.

நோயும் குணம் போலத் தோன்றும், அதுதான் சிக்கல். நமக்கு இல்லாததுபோலவே கினி பிக்குக்கும் வைட்டமின் சி-யைத் தயாரிக்கும் கடைசி நொதி கிடையாது. 1907-இல் நார்வேயின் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினி பிக்குகளுக்கு, வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. அந்த நோயில் மூட்டு வலிக்கும், தொட்டாலே கத்தும். பார்ப்பவர் "இது சிடுமூஞ்சி" என்று முடிவு கட்டிவிடுவார். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் சுருண்டு கிடப்பதைச் சோம்பேறித்தனம் என்பதும் அதே தவறுதான். அதற்கு வியர்க்காது, 30 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. குளிர்ந்த தரையும் நிழலும் வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு வியப்பானது துணையின் பங்கு. ஜெர்மனியில் நார்பர்ட் சாக்சர் என்ற ஆய்வாளரின் குழுவினர், ஆண் கினி பிக்குகளைப் புதுக் கூண்டில் விட்டு, ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். தனியாக விட்டால் அது எகிறியது. நெருங்கிப் பழகிய பெண் துணை கூட இருந்தால் அவ்வளவு ஏறவில்லை. முகம் தெரிந்த வேறொரு பெண்ணை விட்டபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள் அறியாத ஆணைச் சந்தித்தால் பெரிதாகச் சண்டையின்றி ஒதுங்கிப்போவதையும், ஒரே ஒரு பெண்ணோடு வளர்ந்தவை முட்டி மோதுவதையும் பார்த்தார்கள். ஆக, முரட்டுத்தனத்தில் வளர்ப்புக்கும் பங்கு உண்டு.

சுவிட்சர்லாந்தில் கினி பிக்கைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று 2008-இலேயே விதி வந்துவிட்டது. நாங்களும் ஜோடியாகத்தான் கொடுப்போம். ஒன்று போதும் என்பவரை முயல் பக்கம் அனுப்பலாம் என்றால், அதுவும் துணை தேடுகிற பிராணிதான்.